கடைசிக்காட்டாருக்குச் சொல்லக் கூடாத செய்தி

மனித இனம் பேசக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம்; ஆனால் பேசினால் யாருக்கும் எதுவும் விளங்காது என்பதைக் கண்டுபிடித்த பெருமை, வேளாண் விரிவாக்கக் கல்வி மற்றும் தொடர்பாடல் மையத்தையே சேரும்.

இதைச் சொன்னவர் அந்த மையத்தின் தொடர்பாடல் அலுவலர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரும் சிரிக்கவில்லை. அவர் மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய மக்காச்சோளச் செடி ஒன்று இருந்தது. அதன் குருத்துக்குள் ஒரு புழு தின்றுகொண்டிருந்தது. புழுவுக்கும் சிரிக்க நேரமில்லை.

"வரப்புல நின்னுக்கிட்டுப் பக்கத்துக் காட்டுக்காரன்கிட்ட கத்திச் சொல்றீங்களே, அதுக்குப் பேரு தொடர்பாடல் இல்ல," என்றார் அலுவலர். "அதக் காக்காவும் செய்யுது. ஒரு காக்கா கத்துது, பத்துக் காக்கா வருது. வந்த பத்தும் எந்தக் கட்டத்துல இருக்கு? விழிப்புணர்வுக் கட்டமா, ஆர்வக் கட்டமா? காக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். இந்தப் புழுவுக்கு என்ன போடணும்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

"வர்றேன், வர்றேன்," என்றார் அலுவலர். அவர் வரவில்லை.

வந்திருந்தவரை ஊரில் கடைசிக்காட்டார் என்பார்கள். ஊரின் கடைசிக் காடு அவருடையது. அரை ஏக்கர் சோளம், அதை நம்பி இரண்டு மாடுகள், அதில் ஒன்று சினை, அந்த மாடுகளை நம்பிக் குடும்பம். இந்தப் புழு அந்த ஊருக்குப் புதிது. மருந்துக் கடைக்காரர், "மையத்துல சீட்டு எழுதி வாங்கிட்டு வாங்க, இல்லாமக் கொடுத்தா என் கடைக்குப் பூட்டுத்தான்," என்று கையை விரித்துவிட்டார். கடைசிக்காட்டாரின் மனைவி அன்று காலை பத்துப் பத்துச் செடியாக எண்ணிப் பார்த்திருந்தார். பத்துக்கு மூன்றில் ஓட்டை. குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம்.

"சீக்கிரம் கேட்டுட்டு வாங்க. குருத்து போச்சுன்னா கதிரு இல்ல. சோளம் போச்சுன்னா மாட்டை யாருக்குப் பிடிச்சுக் கொடுக்கிறதுன்னு அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க," என்று அனுப்பியிருந்தார்.

அலுவலர் சுவரில் இருந்த படத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். ஐந்து படிகள். விழிப்புணர்வு, ஆர்வம், மதிப்பீடு, சோதனை, ஏற்பு. ஒவ்வொரு படியிலும் ஒரு விவசாயி நின்றிருந்தார். மேலே போகப் போக அவருடைய வேட்டி வெளுத்துக்கொண்டே போயிற்று.

"ஒரு நாளைக்கு ஒரு கட்டம். திங்கள் விழிப்புணர்வு, வெள்ளி ஏற்பு. வெள்ளிக்கிழமை விடை உங்க கையில."

"அதுக்குள்ள புழு பெருத்துடுமே சார். விடை உங்களுக்குத் தெரியும்தானேங்க?"

"தெரியுமாவா? ஒரே மூச்சுல சொல்லிடுவேன்."

"சொல்லிடுங்க சார்."

அலுவலர் நாற்காலியை முன்னால் இழுத்தார். குரல் இறங்கியது. "நேரடியாச் சொல்லிப் பார்த்தோம். போன வருஷம், வேற ஊர்ல. நூத்துக்குத் தொண்ணூறு பேரு, கேட்ட அன்னைக்கே போய்ச் செஞ்சுட்டாங்க."

"நல்லதுதானேங்க."

"என்ன நல்லது? ஆர்வம், மதிப்பீடு, சோதனை, மூணு கட்டமும் காலி. படிவத்துல மூணு பத்தி வெறுமையா நிக்குது. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? புழு செத்துப்போச்சுன்னா?"

கடைசிக்காட்டார் சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விழிப்புணர்வுக் கட்டத்துக்காக அவரை ஒரு சுவரொட்டியின் முன்னால் இருபது நிமிடம் நிற்க வைத்தார்கள். சுவரொட்டியில் பச்சைப்பசேல் என்று ஒரு சோளக்காடும், மேலே துறையின் சின்னமும் இருந்தன. புழு இல்லை. முதலில் இருந்ததாம். முன்சோதனையில் விவசாயிகள் எல்லாரும் புழுவையே பார்த்தார்களாம். சின்னத்தை ஒருவரும் பார்க்கவில்லையாம். அதனால் புழுவை எடுத்துவிட்டார்கள்.

"சுவத்துல இருந்து எடுத்த மாதிரி காட்டுல இருந்தும் எடுத்துட முடியுமாங்க?" என்று கேட்டார் கடைசிக்காட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அலுவலரும் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல், "அது அஞ்சாவது கட்டம்," என்றார்.

கிளம்பும்போது அலுவலர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் பின்னூட்டம் கட்டாயம். படிவம் அச்சுக்குப் போயிருக்கு. அதுக்காக நிக்க வேணாம், நீங்களா உங்க அளவுல கொடுத்துடுங்க. எவ்வளவு தாராளமாக் கொடுக்கிறீங்களோ அவ்வளவு நல்லது."

வீட்டுக்கு வந்த கடைசிக்காட்டார் நேராக யூரியா மூட்டையைப் பிரித்தார்.

"புழு தின்னுக்கிட்டு இருக்கும்போது எதுக்குங்க உரம்?" என்றார் மனைவி.

"பின்னூட்டம் கொடுக்கச் சொன்னாரு. விதைக்கும்போது போட்டது முன்னூட்டம், இது பின்னூட்டம். தாராளமாக் கொடுக்கணுமாம். ஒவ்வொரு கட்டத்துக்கும்."

"புழுவுக்கு என்ன சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமை."

படித்தவர் சொன்னதில் ஒன்றாவது கைக்குப் பிடிபட்டதே என்று மனைவி உரத்தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பத்துக்கு நான்கு.

அன்று ஆர்வக் கட்டம். குழு விவாதம். விதிப்படி ஆறு பேர் வேண்டும். கடைசிக்காட்டார் ஒருவர்தான் வந்திருந்தார். அலுவலர் அதற்கெல்லாம் கலங்குகிறவர் இல்லை. ஆறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் அவரை உட்கார்ந்து கருத்துச் சொல்லச் சொன்னார். கடைசிக்காட்டார் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன போடணும்?" என்றார். எழுந்து இரண்டாவதில் உட்கார்ந்து அதையே சொன்னார். ஆறாவது நாற்காலிக்கு வந்தபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. குழுவில் ஒருமித்த கருத்து நிலவியது என்று அலுவலர் எழுதிக்கொண்டார்.

அடுத்து பாத்திர நடிப்பு. அலுவலர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு விவசாயி ஆனார். கடைசிக்காட்டாரைத் தன் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஐயா, சோளத்துல புழுங்க. என்ன போடணும்?" என்றார் துண்டு கட்டிய அலுவலர், மிக உருக்கமாக.

கடைசிக்காட்டார் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேனேப்பா."

அலுவலர் துண்டை அவிழ்த்தார். "தப்பு. அலுவலர் அப்படிப் பேச மாட்டாரு."

அன்று மாலையும் பின்னூட்டம் தரப்பட்டது.

புதன்கிழமை பத்துக்கு ஐந்து. அன்று மதிப்பீட்டுக் கட்டம். விவசாயி செய்தியை மதிப்பிடுவது என்று அவர் நினைத்திருந்தார். அலுவலர் விவசாயியை மதிப்பிட்டார்.

"மையத்துக்கு முதல் முதலா எப்ப வந்தீங்க?"

"இந்தத் திங்கக்கிழமைதாங்க."

"மையம் திறந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஏன் இவ்வளவு நாளா வரல?"

கடைசிக்காட்டார் தயங்கினார். "வாசல்ல விரிவாக்கம்னு எழுதியிருந்துச்சுங்க. எதையோ விரிவாக்கப் போறீங்க, அதுக்கு நிலம் எடுப்பீங்கன்னு... எங்க ஊர்ல பாதிப் பேரு இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்க."

அலுவலர் பேரேட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் 'பின்தங்கியோர்' என்ற தலைப்பின் கீழ் அவரை எழுதினார். முதல் பக்கத்தில், 'முன்னோடி' என்ற தலைப்பின் கீழ், ஒரே ஒருவர் இருந்தார். அவர் கடைசிக்காட்டாரின் பக்கத்துக் காட்டுக்காரர். மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கி மையத்துக்குள் நுழைந்தவர், முன்னோடி ஆகிவிட்டார். மையம் கொடுத்த தொப்பியோடுதான் நடமாடுவார்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி," என்றார் அலுவலர். "சனிக்கிழமை இயக்குநர் வர்றாரு. முன்னோடியோட காடு செய்விளக்க வயல். அங்க எங்க முறை நடக்குது. பக்கத்துல ஒண்ணுமே செய்யாத காடு ஒண்ணு இருந்தாத்தான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். அதுக்குப் பேரு ஒப்பீட்டு வயல். உங்க காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கேன்."

"அப்ப என் காட்டுக்கு என்ன போடுவீங்க?"

"பலகை."

பலகை அன்றே நடப்பட்டது. 'ஒப்பீட்டு வயல். எதுவும் செய்யாதீர்.' புழுக்களுக்கு எழுத்தறிவு இல்லாததால் அவை தொடர்ந்து செய்துகொண்டிருந்தன.

அதோடு நிற்கவில்லை. இரண்டு காடுகளும் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொள்வதால் தகவல் கசியும் ஆபத்து இருந்தது. கசிந்தால் ஒப்பீடு கெடும். ஆகவே, தொடர்பாடலுக்கென்றே ஏற்பட்ட அந்த மையம், வரப்பு நெடுகக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்குப் பச்சைத் துணி கட்டி, அண்ணன் காட்டிலிருந்து தங்கை காடு தெரியாதபடி மறைத்தது. முன்னோடியிடம் ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கியது.

வியாழக்கிழமை பத்துக்கு ஏழு. காலையில் மனைவி களையெடுக்கக் குனிந்திருந்தபோது, துணிக்கு அந்தப் பக்கத்தில் சர், சர் என்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். துணிக்கு மேலே ஒரு தொப்பி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே."

தொப்பி நின்றது.

"என்னண்ணே போடுற?"

"சொல்லக் கூடாதும்மா. கையெழுத்து போட்டிருக்கேன்."

"தலையில தொப்பி ஏறினதும் தங்கச்சி கண்ணுக்குத் தெரியலையாண்ணே?"

"துணி கட்டியிருக்காங்களே, எப்படித் தெரியும்?"

"சத்தத்தக் கேட்டா மணல் மாதிரி இருக்கு."

"தனி மணல் இல்ல..." என்ற தொப்பி சட்டென்று தாழ்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. துணிக்குப் பின்னாலிருந்து குரல் கெஞ்சியது. "கேட்காதம்மா. வெளிய விட்டா என்னையும் பின்தங்கியோர்ல போட்டுடுவாங்க. மாப்பிள்ளைக்குப் பக்கத்துல என் பேரையும் எழுதிடுவாங்க."

"என் வீட்டுக்காரர் பக்கத்துல உன் பேரு வர்றது அவ்வளவு கேவலமா போச்சா?"

துணிக்குப் பின்னால் மிக மெதுவாக, சர் என்று ஒரு சத்தம்.

கடைசிக்காட்டார் வெறும் மணலை ஒரு செடியில் போட்டுப் பார்த்தார். புழு அதைத் தள்ளிவிட்டுத் தின்றது. எதோடு எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்று தெரியாமல் அவர் வரப்பில் உட்கார்ந்து அந்தப் பச்சைத் துணியையே பார்த்தார். தொழுவத்தில் சினைமாடு கத்தியது.

வெள்ளிக்கிழமை மாலை அலுவலர் மறுநாள் ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். ஒப்பீட்டு வயலைப் பார்த்தவுடன் நடை தளர்ந்தது. செய்விளக்க வயல் வெளிர்பச்சையாக நின்றது. எதுவும் செய்யப்படாத வயலோ கருகருவென்று, இலை இலையாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொன்னதைத் தவிர ஒண்ணும் செய்யலைங்க. பின்னூட்டம் மட்டும் கொடுத்தேன். திங்கக்கிழமை ஒண்ணு, செவ்வாய்க்கிழமை ஒண்ணு."

"படிவமே இன்னும் வரலையே. எங்க கொடுத்தீங்க?"

"வேர்லதாங்க."

அலுவலர் குனிந்து ஒரு செடியின் வேரைப் பார்த்தார். பிறகு, "எத்தனை மூட்டை?" என்றார்.

"ரெண்டு. தாராளமா."

மனைவி ஒரு குருத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே விரல் பருமனுக்கு ஒரு புழு. அடுத்ததில் ஒன்று. அடுத்ததிலும். தழைத்த இளம் இலையைத் தின்று கொழுத்திருந்தன. "இன்னைக்குப் பத்துக்கு எட்டு சார். இன்னொன்னும் பாருங்க," என்று வரப்புக்குப் போய், துணியின் அடிவிளிம்பைத் தூக்கினார். இந்தப் பக்கத்தில் இடம் போதாத புழுக்கள் துணிக்கு அடியில் வரப்பைக் கடந்து, செய்விளக்க வயலுக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் முதல் ஆறு வரிசையில் ஓட்டை.

முன்னோடி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "போடப் போட வருதுங்க சார். இங்க நான் கொல்றேன், அங்க மாப்பிள்ளை வளர்க்கிறாரு."

அலுவலரின் தொலைபேசி அடித்தது. இயக்குநரின் குரல் நான்கு பேருக்கும் கேட்டது. "நாளைக்குப் பத்து மணி. செய்விளக்க வயல்ல ஒரு ஓட்டை கூட இருக்கக் கூடாது. நானும் பல வருஷமா யோசிக்கிறேன், வயலுக்கு ஒப்பீடு இருக்கு, அலுவலருக்கு இல்ல. ஒண்ணுமே செய்யாத அலுவலர் ஒருத்தரைப் பக்கத்துல நிறுத்தினா மத்தவங்க வேலை பளிச்சுன்னு தெரியும். அந்தப் பதவிக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்."

"இருக்காது சார். ஓட்டை இருக்காது."

பேசியை அணைத்த அலுவலரிடம் கடைசிக்காட்டார் சொன்னார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார். ஏற்புக் கட்டம். விடை கையிலன்னு சொன்னீங்க."

"ஒப்பீட்டு வயலுக்கு ஏற்புக் கட்டம் கிடையாது."

"அப்ப எங்க மாடு சார்?" என்றார் மனைவி.

"மாடு கால்நடைத் துறை," என்றார் அலுவலர், பழக்கத்தில். ஆனால் அவர் கண் துணிக்கு அடியிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் தனியாக வந்தார். ஐந்து படிப் படம் இல்லை. குச்சி இல்லை. பேரேடு இல்லை. முன்னோடியின் காட்டு வழியே நடந்து, மறைப்புத் துணிக்கு முன்னால் வந்து நின்றார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். முதல் பத்து வரிசை போயிருந்தது.

அந்தப் பக்கத்தில் கடைசிக்காட்டாரும் மனைவியும் கையாலேயே புழுவைப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது தொடங்கினார்களோ, டப்பா முக்கால் நிறைந்திருந்தது. இன்னும் முக்கால் காடு இருந்தது.

துணி அசைந்தது. அதன் மேல் விளிம்பு கீழே இறங்கியது. அலுவலரின் தலை வெளியே வந்தது.

"மணல் ஒன்பது பங்கு, சுண்ணாம்புத் தூள் ஒரு பங்கு, ரெண்டையும் கலந்து குருத்துக்குள்ள ஒரு சிட்டிகை."

ஒரே மூச்சுதான். அவர் சொன்னது உண்மைதான்.

கடைசிக்காட்டார் கையில் புழுவோடு அப்படியே நின்றார். மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்குத்தான் அஞ்சு நாளு இவரு ஆறு நாற்காலியில உட்கார்ந்தாரா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவர் நிற்கவில்லை. வீட்டில் வெள்ளையடித்த மீதிச் சுண்ணாம்பு கால் மூட்டை இருந்தது, எடுக்க ஓடினார். அண்ணன் துணியை ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டு மிதித்துக்கொண்டு வந்தார். ஏந்திவர வேறு ஒன்றும் கைக்கு அகப்படாமல், தொப்பி நிறைய மணலை அள்ளி வந்திருந்தார். அதைத் தங்கையின் வரிசையில்தான் முதலில் கொட்டினார். தங்கை திரும்பி வந்து அதைப் பார்த்தார். வெறும் தொப்பியை உதறி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, சுண்ணாம்பைக் கலக்கத் தொடங்கினார்.

கடைசிக்காட்டார் மட்டும் ஒரு சந்தேகத்தோடு நின்றார். "சார், எனக்கு அந்த ஆர்வக் கட்டம் சரியா வரவேயில்லையே. பரவாயில்லையா?"

"போடுங்க," என்றார் அலுவலர். "நேரம் ஆகுது." காற்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு அவரும் ஒரு வரிசையில் இறங்கினார்.

ஒரு மணி நேரம் சர், சர் என்ற சத்தம் மட்டும் நான்கு வரிசைகளில் கேட்டது. மனைவி முதலில் போட்ட செடிக்குத் திரும்பி வந்து குருத்தைப் பார்த்தார். புழு நெளிந்து வெளியே வந்து இலை மடிப்பில் கிடந்தது. அடுத்ததில் பெரியது ஒன்று. அது சாகவில்லை, ஆனால் தின்னவும் இல்லை. எண்ணிக்கொண்டே போனார். எண்ணி முடித்ததும் இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார்.

"பத்துக்கு அஞ்சாறு தேறும். மாட்டுக்குப் போதும்."

கடைசிக்காட்டார் மணலும் சுண்ணாம்புமான கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது, இரண்டு காடு தள்ளி ஒருவர் வரப்பில் ஏறி நின்று சத்தம் போட்டார். "அங்க என்னய்யா போடுறீங்க? இங்கயும் பத்துக்கு நாலு அடிச்சிருச்சு."

கடைசிக்காட்டார் பதில் சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு காடு விட்டு ஒரு காடு வரும் புழு எத்தனை மணிக்கு இங்கே திரும்பும் என்று அவர் மனசுக்குள் ஏதோ கணக்கு ஓடியது. பிறகு மெதுவாக வரப்பில் ஏறினார். துணி கட்டியிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்தார்.

"மணலு ஒம்பது, சுண்ணாம்பு ஒண்ணு," என்று கத்தினார். "குருத்துக்குள்ள போடு. நீ போட்டுட்டு அடுத்த காட்டுக்கும் சொல்லு."

கம்பின் உச்சியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அது அவரைப் பார்த்துவிட்டு, அடுத்த கம்புக்குத் தள்ளிப்போய் உட்கார்ந்து இடம் விட்டது.